இரண்டிலிருந்து நான்கு வரை

பிற்பகல் இரண்டு அடித்தால் இஸ்ரேலின் நஹாரியா ஊரில் ஜன்னல்கள் சாத்தப்படும். நான்கு வரை யாரும் யார் கதவையும் தட்ட மாட்டார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்கள் பெட்டிகளோடு கொண்டுவந்த வழக்கம் அது.

சீக்பெர்ட் லாக்மன் அதில் எல்லோரையும் மிஞ்சியவர். ஜெர்மனியின் ப்ரெஸ்லாவில் சட்டம் படித்தார். இங்கே முப்பது வருடம் கோழி வளர்த்தார். பண்ணையை விற்ற பிறகு, ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய சின்ன அருங்காட்சியகத்தில் காலை நேரத்தில் சம்பளமில்லாத வேலை. ஜெர்மன் யூதக் குடும்பங்கள் கொடுத்த பொருட்களுக்குக் குறிப்பு எழுதுவார். ஒரு கண்ணாடிப் பெட்டியில் அவர் தங்கையின் படமும் இருந்தது. "எடித் லாக்மன், பிறப்பு 1921. 1942க்குப் பிறகு தகவல் இல்லை." அந்தத் தகவலுக்காக அவர் எழுதாத அலுவலகம் இல்லை.

1974 மார்ச்சில் ஒரு நாள், இரண்டேகாலுக்கு, அவர் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். மூன்று முறை, மெதுவாக. அவர் தூங்கவில்லை. 'இந்த நேரத்தில் தட்டுகிறவன் என்ன மனிதன்!' என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

நான்கு மணிக்குக் கதவைத் திறந்தார். அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொள்ளும் கேத்தே படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஹெர் லாக்மன், தென்னமெரிக்கா, மான்டிவிடியோவிலேருந்து ஒரு அம்மா வந்தாங்க. படத்தைப் பாத்ததும், 'இவளோட கடைசி வரைக்கும் நான்தான் இருந்தேன்'னாங்க. பஸ் மூணு மணிக்கு. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

"கூப்பிட வேண்டியதுதானே? பேர் சொல்லிக் கத்தியிருக்கலாமே!"

"தெருவே தூங்குது. எப்படிக் கத்துறது?"

"எதையாவது எழுதிக் கொடுத்தாங்களா?"

"கேட்டேன். 'இதெல்லாம் எழுதுற விஷயமா? அண்ணன் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்லணும்'னாங்க. விலாசம் மட்டும் வாங்கினேன்."

அன்றே கடிதம் போட்டார். மே மாதம் இன்னொன்று. ஜூலையில் அந்தப் பெண்மணியின் மகனிடமிருந்து பதில் வந்தது: அம்மா ஏப்ரலில் இறந்துவிட்டார்; அந்த நாட்களைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை; மன்னிக்கவும்.

கடிதத்தைக் கேத்தேயிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு அழுதாள்.

"ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன், ஹெர் லாக்மன். உங்களுக்கு வலிக்குமேன்னு."

"சொல்லு."

"மூணு மணி வரைக்கும் நீங்க திறக்கலைன்னதும் அந்தம்மா சிரிச்சாங்க. 'எடித் அப்பவே சொல்லுவா, எங்க சீகி படுத்துட்டா வீடு பத்திக்கிட்டாலும் நாலு மணிக்குத்தான் எழுந்திரிப்பான்னு'."

சீகி. அந்தப் பெயரில் யாரும் அவரைக் கூப்பிட்டு முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது.

"எந்த இடத்துல சொன்னாளாம்? எப்போ?"

"அதைக் கேக்கத்தான் வாயைத் திறந்தேன். பஸ் ஹாரன் அடிச்சுது. ஓடிட்டாங்க."