ஓட்டை எனக்குத்தானே டாக்டர்

முதலில் வலது தாடை வீங்கியது. இரண்டு நாளில் வாயை ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை.

எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் பல் மருத்துவர் என்னை நாற்காலியில் சாய்த்தார். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, ஏழு வயதில் அடைத்தார்கள், ஒரு வால்வு இன்னும் கசிகிறது என்றேன். கையுறையைக் கழற்றிவிட்டார். "நாங்க தொட மாட்டோம்மா. பெங்களூர் போங்க." பக்கத்து ஆண்டர்சன்பேட்டையிலும் அதே பதில்.

எனக்கு முப்பத்தாறு வயது. ஓடாதே, வேலைக்குப் போகாதே, கல்யாணம் வேண்டாம் என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவள். முதல் இரண்டையும் மீறினேன். ஆனால் பல் மருத்துவரிடம் மட்டும் பயந்து பல வருடம் போகவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

அண்ணன் தயங்கினான். "மாத்திரையிலயே அடக்கக் கூடாதா? பல்லை எடுக்க மயக்கம் குடுத்தா உன் ஹார்ட் தாங்குமா இன்னா?"

"சீழு ஹார்ட்டுக்குப் போனா மட்டும் தாங்குமா?"

எண்டோகார்டைட்டிஸ் (பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து இதய வால்வில் தங்கிவிடும் தொற்று) எங்களைப் போன்றவர்களுக்கு உயிர்ப்பகை. பல்லை விட்டுவைப்பதும் ஆபத்துதான்.

பெங்களூரில் மயக்க மருத்துவர் எல்லாவற்றையும் அண்ணனைப் பார்த்தே சொன்னார். ஒப்புதல் படிவத்தையும் அவனிடமே நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

"என்னாண்ட சொல்லுங்க டாக்டர். ஓட்டை எனக்குத்தானே? கையெழுத்தும் நான்தான் போடுவேன்."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அதன்பின் எதையும் மறைக்கவில்லை. ரத்த அழுத்தம் சட்டென இறங்கலாம். வாய் திறக்காததால், விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகச் சுவாசக் குழாயை இறக்க வேண்டும். "எழுந்திருக்காமலே போகவும் வாய்ப்பு இருக்கும்மா. சின்ன வாய்ப்புதான், ஆனா இருக்கு."

"அப்போ கெட்டுப்போன மூணு பல்லையும் ஒரே தடவையில எடுத்துடுங்க. இன்னொரு வாட்டி மயக்கம் வேணாம்."

சிரித்துவிட்டார்.

அறுவை சிகிச்சை அன்று காலை முன்கூட்டியே ஆன்டிபயாடிக் (கிருமிக்கொல்லி மருந்து) ஏற்றினார்கள். குழாய் தொண்டையைத் தாண்டியபோது கண்ணில் நீர் வழிந்தது. தலையை மட்டும் அசைக்கவில்லை. விழித்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவு. துடிப்பு ஒழுங்கு தப்பி ஓடியதால் இரண்டு நாள் கூடுதலாக இருக்க வேண்டியதாயிற்று. அண்ணன் கட்டிலருகே நின்று அழுதான். பேச முடியாமல் அவன் கையைக் கிள்ளினேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இதயத்தில் தையல் இருக்கலாம். ஒருவர் மாட்டேன் என்றால், யார் செய்வார்கள் என்று அவரையே கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.

பல் போன இடங்களை நாக்கு இன்னும் தேடிப் போகிறது. முன்பு மார்பில் ஒரு துடிப்பு தவறினால் இதுவே கடைசி என்று உறைந்துவிடுவேன். இப்போதும் தவறுகிறது. இதய மருத்துவரிடம் சொல்லி வைத்துவிட்டு நடக்கிறேன். பல்லைப் பார்க்க ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அதற்கு அடுத்த ஆறு மாதத்துக்கும் சேர்த்தே தேதி கேட்டு வாங்கிக்கொண்டேன்.