சர்பஞ்ச் அம்மா திட்டு வாங்கிய ஞாயிறு

கோயிலில் உபதேசியார் வேலை என்பது, சாமியார் பேசியதற்கு ஊரிடமும் ஊர் பேசியதற்குச் சாமியாரிடமும் பதில் சொல்லும் வேலை. அப்படி நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொத்து வாங்கியவரா நீங்கள்? பக்கத்தில் உட்காருங்கள், நாம் பங்காளிகள்.

ரிப்பன்

ஆந்திராவில் புத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் பங்கு. சாமியார் குண்டூர்க்காரர், இளவயது. அவர் தெலுங்கில் பிரசங்கம் வைக்க, கோயிலில் தமிழ்தான் வழக்கம் என்பதால் நான் வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்வேன். எங்கள் ஊர் சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், ஆரோக்கியமேரி அம்மாவும் எங்கள் கோயில்தான். அவர் குடும்பக் கட்டுப்பாடு முகாமுக்கு ரிப்பன் வெட்டிவிட்டு, "ரெண்டு புள்ளைங்க போதும். நான் ஆபரேசன் பண்ணிக்கினேன், நீங்களும் பண்ணிக்கங்க" என்று மைக்கில் பேசிவிட்டார். சனிக்கிழமைக்குள் அந்த வீடியோ சாமியார் போனுக்கு வந்துவிட்டது.

திருச்சபை கூடாது என்று சொல்லும் காரியம். "கூப்பிட்டுத் தனியா சொல்லுங்க ஃபாதர்" என்றேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "அம்மா மைக்குல செப்பினாங்க, நான் காதுல செப்பணுமா, உபதேசிகாரு?"

இரண்டு பாஷைப் பிரசங்கம்

ஞாயிறு பூசையில் வெளுத்து வாங்கினார். பேரைச் சொன்னார், மூன்றாவது பெஞ்சைக் காட்டினார், பதவி வந்தால் வேதம் மறந்துவிடுமா என்று கேட்டார். அம்மா தலை குனியவில்லை. குனிந்தது நான்தான். தெருக்குழாய் ரிப்பேருக்கு அவரிடம்தானே நாளைக்குப் போய் நிற்க வேண்டும்? "நம் தலைவர்களுக்கு ஆண்டவர் நல்ல புத்தி தரும்படி செபிப்போம்" என்று அத்தனையையும் ஒரே வரியில் முடித்தேன். சாமியாரே திரும்பி என்னைப் பார்த்தார்.

பெரிய சண்டையைத் தடுத்துவிட்ட மிதப்பில் வாசலுக்கு வந்தேன். எங்கள் ஊரில் தெலுங்கு தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது என்பது அப்போது மறந்தே போயிருந்தது. விசைத்தறி ஓட்டும் சின்னப்பன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தெலுங்குல திட்டு வாங்கிக்கினோம், தமிழ்ல ஆசீர்வாதம் வாங்கிக்கினோம். ரெண்டும் நல்லா புரிஞ்சுது உபதேசியாரே!"

எழுந்திருக்காத பெஞ்சுகள்

அடுத்த ஞாயிறு நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்கும் நேரம். ஆண்கள் பக்கம் வழக்கம்போல் வரிசை. பெண்கள் பக்கம் கல்யாணமாகாத பிள்ளைகளும் நாலு கிழவிகளும் மட்டும் வந்தார்கள். மற்றவர்கள் அசையவில்லை. என் மனைவி ஸ்டெல்லாவும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலோடுகூட நன்மை வாங்க வருகிறவள் அவள். சாமியார் பாத்திரத்தோடு கொஞ்ச நேரம் காத்து நின்றுவிட்டுத் திரும்பினார்.

பூசை முடிந்ததும் லூர்துமேரி என்னை மடக்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் ஞானோபதேசம் படித்தவள். "சர்பஞ்சு பண்ணது பாவம்னா நாங்க ஆபரேசன் பண்ணிக்கினதும் பாவம்தானே? பாவத்தோட எப்பிடி நன்மை வாங்குறது? அவங்கள பேரு சொல்லித் திட்டினாரு, எங்கள பேரு சொல்லாம திட்டினாரு."

அம்மாவின் விஜயம்

திங்கட்கிழமை காலையில் சர்பஞ்ச் அம்மாவே சாமியார் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் காபி கொடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன். பொது இடத்தில் பேசியதற்குப் பொது இடத்தில்தான் பதில் என்று சாமியார் விளக்க ஆரம்பித்தார். அம்மா காபியை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "என்னைத் திட்டுங்க ஃபாதர், ஓட்டு கேக்கப் போன நாள்லேந்து எனக்கு அது பழக்கம். அந்தப் பொம்பளைங்களுக்குப் பழக்கமில்ல."

வீட்டில்

இதை நல்ல வேடிக்கை என்று நினைத்து மத்தியானம் ஸ்டெல்லாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். சிரிக்கவில்லை. ரெண்டாவது மகள் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் ஆபரேசனுக்கு அவள் யோசித்தபோது, "இதெல்லாம் யாரு பாக்கப் போறாங்க" என்று சொல்லிப் பாரத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். அதை யாருக்கும் மொழிபெயர்த்ததில்லை.

கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆபரேசன் எனக்கு, கையெழுத்து உன்னுது. நேத்து நான் குந்திக்கினு இருந்தேன், நீ மொத ஆளா நன்மைக்குப் போய் வாயத் தொறந்தே."

அரசியல்வாதியைப் பூசையில் வைத்துக் கண்டிக்கலாமா என்பதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், ஆண்கள் பக்கத்தில் நான் ஒருவன் மட்டும் நின்றபோது, என்னைப்போல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்டிக்கப்பட வேண்டியவர்கள் எத்தனை பேர் வரவில்லை என்று மட்டும் தெரிந்தது.