அடிமடித் தண்ணீர்

போர்வெல் போடும் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. பாதாளம் என்றால்தான் ஊருக்குத் தெரியும். மற்றவர்கள் கையை விரித்துவிட்டுப் போன இடத்தில் இவர் இன்னும் நாலு ராடு இறக்கித் தண்ணீரைப் பீய்ச்ச வைப்பார். வீடு திரும்பும்போது தலைமுடியிலிருந்து செருப்பு வரை கல்தூள். "உங்க சட்டைய அலசின தண்ணிய வடிகட்டினா ஒரு சுவரே எழுப்பலாம்" என்பாள் மனைவி.

அவருடைய தங்கை ஊர்க்கோடியில் இருந்தாள். கணவன் இறந்த பிறகு கொஞ்சம் நிலமும் ஒரு திறந்த கிணறுமாகக் காலத்தை ஓட்டினாள். எந்தக் கோடையிலும் அந்தக் கிணற்றிலிருந்து வாளி வெறுமனே மேலே வந்ததில்லை.

அவளைச் சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் ஒரு பழ வியாபாரி குத்தகைக்கு எடுத்தார். கப்பலேற்றி அனுப்பத் தர்பூசணி போடப் போகிறாராம். பாதாளத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எல்லாம் சொட்டு நீர்தான் அண்ணே. பாதித் தண்ணி மிச்சம்."

தங்கையின் கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கீழே ஓடும் ஊற்று வேலியைப் பார்த்தா ஓடும்? பாதாளத்துக்கு அது தெரியாமல் இல்லை. நாம் மாட்டோம் என்றால் இன்னொரு போர் வண்டி வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ராடை இறக்கினார். வண்டி உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது.

மிச்சம் பிடித்த தண்ணீரை வியாபாரி பூமிக்குள் விட்டுவைக்கவில்லை. பக்கத்து நிலங்களையும் வளைத்துப் போட்டு அங்கேயும் கொடியைப் படரவிட்டார். அடுத்த கோடையில் தங்கையின் கிணற்றில் தவளை இருக்கக்கூட ஈரம் இல்லை.

"அண்ணே, அந்தப் போர நீதானே போட்டே?"

"நான் போடலேன்னா வேற எவனாவது போட்டிருப்பான்மா."

"வேற எவனாவது போட்டிருந்தா உன்கிட்ட வந்து அழுதிருப்பேன். இப்ப யார்கிட்ட போய் அழறது?"

அவளுக்கும் ஒரு போர் போட்டுக் கொடுத்தார், வியாபாரியுடையதைவிட ஆழமாக. வியாபாரி சும்மா இருப்பாரா? அவருக்கு அதைவிட ஆழமாக வேண்டும். அதையும் போட்டார். மறுபடி தங்கைக்கு. இரண்டு பக்கமும் ஒரே வண்டி, ஒரே கை. கடைசித் தடவை தங்கையின் நிலத்தில் வெள்ளைத் தூளைத் தவிர எதுவும் வரவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே பூதம்கூடக் கிளம்பவில்லை.

தெருக்குழாயும் நின்றது. லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டின. ஒருநாள் தண்ணீர் லாரி உள்ளே வர முடியாமல் எதிரே தர்பூசணி லாரி நின்றது. வரிசையிலிருந்த தங்கை சொன்னாள்: "பழமா போகுது? நம்ம தண்ணியத்தான் தோல் போட்டு அடைச்சு அனுப்புறாங்க. அங்க வெட்டித் தின்னுறவனுக்குத் தெரியவா போகுது?" யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் வியாபாரியின் போர்களும் காற்றைக் கக்கின. குத்தகைக்காரருக்கு என்ன, வேரா இருக்கிறது? குழாய்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தங்கை வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்தில் பாத்திரம் தேய்க்கப் போனாள். பஸ் ஏற்றிவிட வந்த பாதாளம் பையை வாங்கக் கை நீட்டினார்.

"பைய விடுண்ணே. நீ தொட்டதெல்லாம் காஞ்சு போகுது."

சில மாதங்கள் வண்டி வாசலில் துருப்பிடித்துக் கிடந்தது. பிறகு வியாபாரியிடமிருந்து போன் வந்தது. புது இடம், கை எட்டும் ஆழத்தில் தண்ணீர், உடனே வாங்க என்றார்.

"அடிமடியில கை வச்சது போதாதா? அந்த ஆள் கூப்பிட்டா மறுபடியும் போகணுமா?" என்றாள் மனைவி.

"இந்த வண்டிய வச்சுக்கிட்டு வேற என்ன பண்ணச் சொல்றே? மாப்பிள்ளை ஊர்வலமா நடத்த?"

போனார். புது இடத்திலும் வேலி இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வெயிலில் நிற்கிறாரே என்று ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். இனித்தது.

"கிணத்துல எப்பவும் தண்ணி இருக்குமாம்மா?"

"எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேருந்து வத்தினதே இல்லைண்ணே."

பாதாளம் மிச்சத்தையும் குடித்து முடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, இயந்திரத்தை ஓட்டச் சொல்லிக் கையைக் காட்டினார்.