காற்றுக்கு ஒரு வேலை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் சனிக்கிழமைகளைக் கெடுத்தது நெருப்பு. நிஜ நெருப்பாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரோடு வேலை முடிந்திருக்கும். இது விளையாட்டில் வந்த நெருப்பு. எதை ஊற்றினாலும் அணையவில்லை.

விளையாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார்: இதோ ஒரு குகை, உள்ளே ஏதோ உறுமுகிறது. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, நான் வாளை உருவுகிறேன், நான் மந்திரம் போடுகிறேன் என்பார்கள். பலித்ததா இல்லையா என்பதை டைஸ் உருட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த யாரோ கொண்டுவந்த விதிப்புத்தகம், நகலுக்கு நகல் எடுத்து எங்கள் கைக்கு வந்திருந்தது. பாதிப் பக்கம் கறுப்பாக அப்பிக் கிடக்கும். அதை உட்கார்ந்து படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் கதை சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஏறு, இறங்கு, தள்ளி நில் என்று சொல்லிக்கொண்டே இருப்பேனாம். அதனால் எனக்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தார்கள்.

ஆட்டம் நடந்தது பிரிக்பீல்ட்ஸில், என்னோடு ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்சாலையில் வரைபடம் போடும் ஒருவனின் வீட்டு ஹாலில். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவன் விளையாட்டில் வாள்வீரன். எதைக் கண்டாலும் வெட்டுவான், வேறு கவலை கிடையாது. அவன் அக்கா ஆசிரியை. காற்று மாந்திரிகியாக ஆடினாள். நான்காவது ஆள் என் பள்ளி நண்பன், துறைமுகத்தில் வேலை, பண்டமாரானிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். அவன்தான் நெருப்பு.

அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு நெருப்பு ஒரு கண்ணில் வெண்ணெய் என்றால் மற்ற பூதங்களெல்லாம் மறுகண்ணில் சுண்ணாம்பு. நெருப்பு மந்திரம் போட்டால் அறையில் இருக்கும் அத்தனை பேரும் வெந்து விழுவார்கள். தண்ணீர் நனைக்கும். மண் சுவர் எழுப்பும். காற்று? திரைச்சீலையை ஆட்டும். ஒவ்வொரு வாரமும் நான் குகையை வர்ணித்து முடிப்பதற்குள் நண்பன் டைஸைக் குலுக்கிக்கொண்டு, "எத்தன பேர்டா இருக்கானுங்க? எல்லாரையும் கொளுத்திட்டேன்லா" என்பான். சண்டை முடிந்துவிடும். அக்கா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு சனிக்கிழமை அவள் சொல்லிவிட்டாள்: "இவ்வளவு நேரம் இருந்து நான் என்ன செய்தனான்? தூசி தட்டினனான். உங்கட காத்துக்கு ஒரு வேலை குடுங்கோ. இல்லாட்டி அடுத்த வருசத்திலயிருந்து நான் வரயில்லை."

அவள் விலகினால் ஹாலும் போய்விடும். மகளும் சேர்ந்து ஆடுகிறாள் என்பதால்தான் ஆன்டி எங்களை உள்ளே விட்டிருந்தார். என் வீடு ரவாங்கில். அவ்வளவு தூரம் யாரும் வரமாட்டார்கள். நண்பனின் வாடகை அறையில் எந்நேரமும் ஷிப்ட் முடிந்தவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஆக, ஆட்டமே முடிந்தது என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு. காதல் கீதல் ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொல்லும் கதையைக் காது கொடுத்துக் கேட்டது அவள் ஒருத்திதான். மற்ற இருவருக்கும் நான் ஒரு கூட்டல் கருவி.

சரி, சமன் செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். முதலில் நெருப்பின் பலத்தைக் குறைத்தேன். நண்பன் ஒரு முழு மாலையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "ரெண்டு பஸ் மாறி வரேன்டா. மெழுகுவத்தி கொளுத்தவா?" என்றான். பழையபடி ஏற்றிவிட்டேன். தண்ணீருக்கு நெருப்பை அணைக்கும் சக்தியைக் கொடுத்தேன். அதற்கும் வாதம்: "எண்ணெயில புடிச்ச நெருப்புல தண்ணி ஊத்திப் பாரு, இன்னும் பரவும். எங்க ஹார்பர்ல வந்து கேளு." என் மாந்திரிகத்தைத் துறைமுகத்துத் தீயணைப்புப் பாடத்தை வைத்து உடைத்தான். அவன் சொன்னது உண்மை என்பதால் அந்த விதியையும் அடித்துவிட்டேன்.

அப்புறம் காற்றுக்கு வந்தேன். புயல் என்று ஒரு மந்திரம் செய்தேன். முதல் தடவை போட்டபோது எதிரிகளோடு சேர்த்து அவள் தம்பியையும் மலையிலிருந்து தள்ளிவிட்டது. திருத்தினேன். எதிரிக்கு மட்டும் படும்படி மாற்றினேன். உடனே நண்பன் எழுந்து நின்று, "காத்து அடிச்சா நெருப்பு நல்லா எரியும்லா! அப்ப என் நெருப்புக்கு டபுள்!" என்றான். நான் காற்றுக்குக் கொடுத்த ஒவ்வொரு புள்ளியும் இப்படியே அவன் பைக்குள் போய் விழுந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, நான் பிடித்த குரங்குகளைச் சேர்த்தால் ஒரு தோப்பு நிரம்பும். வேலை முடிந்து பஸ்ஸில் ரவாங் திரும்பும்போதெல்லாம் இதே கணக்குதான். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்காருவார்.

கடைசியில் வேறு வழியில்லாமல் எதிரியை மாற்றினேன். ஓர் அரக்கன், அவன் உயிர் குகைக்குள் எரியும் ஒரு விளக்கில் இருக்கிறது. வாள் பட்டால் அவன் உடம்பு புகைபோல் விலகிக்கொள்ளும். நெருப்பை வீசினால் விளக்கு இன்னும் பிரகாசமாகும், அவனுக்குப் பலம் கூடும். அந்தச் சுடர் காற்றுக்கு மட்டும்தான் அணையும். நெருப்பு மந்திரத்துக்குக் கை வேண்டும், காற்று மந்திரத்துக்கு வாய் வேண்டும் என்று முன்பே விதி செய்திருந்தேன். கைகளைக் கட்டிப் போட்டாலும் அவள் வாயைக் குவித்து ஊதினால் போதும். ஒரே ஊது, அரக்கன் காலி. வாரக்கணக்காக யோசித்து, அவளுக்காகவே செய்த இடம் அது.

அந்தச் சனிக்கிழமை எல்லாம் நினைத்தபடியே போயிற்று. தம்பி வெட்டினான், புகை. நண்பன் கொளுத்தினான், அரக்கன் இரண்டு மடங்கு வளர்ந்தான். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அக்காவின் பக்கம் திரும்பி, "இப்ப உங்க முறை. எதிர்ல விளக்கு. என்ன செய்றீங்க?" என்றேன்.

அவள் தன் மந்திரத் தாளைப் புரட்டினாள்.

"ஊதலாம்" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"விளக்கையோ? வாயாலயோ?"

"ஆமா."

"வாயால ஊதி விளக்கு நூர்க்கக் கூடாது."

நூர்ப்பது என்றால் அவர்கள் வீட்டில் அணைப்பது. எனக்கு அப்படியே தலையில் இடி விழுந்தது. "இது அரக்கனோட விளக்கு!" என்றேன்.

"ஆரின்ர விளக்கெண்டாலும் விளக்கு விளக்குத்தானே."

"கேம்தானே!"

"கேம்தான். ஊதிறது என்ர வாய்."

நண்பனைப் பார்த்தேன். இத்தனை மாதமாக என் ஒவ்வொரு விதியையும் பிய்த்துப் போட்டவன், சாமி அறையில் நிற்பவன்போலக் கையைக் கட்டிக்கொண்டு, "அக்கா சொல்றது சரிதான்டா. அது மட்டும் கூடாது" என்றான். தம்பியும் தலையாட்டினான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதைவிடப் பெரிய எரிச்சல், எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். சின்ன வயதில் விளக்கை ஊதிவிட்டு அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவன் நான். அந்த விதியை எழுதும்போது அது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

"அப்ப அரக்கன் எல்லாரையும் தின்னட்டும். ஆட்டம் முடிஞ்சுது" என்று தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"பொறுங்கோ. குகை வாசல்ல செம்பரத்தை நிக்குது எண்டு சொன்னீங்களே?"

சொல்லியிருந்தேன். சும்மா, அழகுக்காகச் சொன்னது. மற்ற இருவருக்கும் அது நினைவுகூட இல்லை.

"அதில ஒரு பூவை ஊதிக் கொண்டுவாறன். விளக்கில்லை, பூவைத்தான் ஊதிறன். மெல்லமா அந்தத் திரியில வைக்கிறன்."

பூவைத் திரியில் வைத்து விளக்கைக் குளிரச் செய்வது, அதாவது ஊதாமல் அணைப்பது. எல்லார் வீட்டிலும் செய்வதுதான். அதற்கு அவள் எடுத்தது காற்று மந்திரங்களிலேயே கடைசியில் கிடக்கும் இளந்தென்றலை. ஒரு ஈக்குக்கூட வலிக்காத மந்திரம். டைஸ் உருட்டினாள். பலித்தது. விளக்கு குளிர்ந்தது, அரக்கன் சரிந்தான். தம்பி மேசையைத் தட்டினான். அப்பாடா, பிழைத்தோம் என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

அப்போது ஆன்டி உள்ளேயிருந்து வந்து, "எல்லாரும் கொஞ்சம் எழும்புங்கோ, விளக்கேத்தப் போறன்" என்றார். மாலை நேரம். சாமி படத்தடியில் அவர் விளக்கேற்றும் வரை நாங்கள் எழுந்து நிற்பது வழக்கம். ஏற்றினார், கும்பிட்டோம், உட்கார்ந்தோம். குகையைவிட்டு எப்படி வெளியே போகிறீர்கள் என்று கேட்டேன்.

நண்பன் சொன்னான்: "வெளக்கு வைக்கிற நேரம்லா இது. அந்த எடத்த இருட்டா போட்டுட்டுப் போகக் கூடாது. நான் ஏத்திட்டு வரேன்."

"ஓம், ஏத்துங்கோ" என்றாள் அவள். தம்பியும் சரியென்றான். நண்பன் இரு கையையும் நீட்டி, மிகச் சின்ன நெருப்பு மந்திரத்தைப் பயபக்தியோடு போட்டான். டைஸும் சொல்லிவைத்தாற்போல் விழுந்தது.

நான் கத்தினேன். "அடேய், அதுலதான்டா அவன் உயிரு இருக்கு!"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அரக்கன் எழுந்து உட்கார்ந்தான். வேறு என்ன செய்வான்? மாதக்கணக்கான என் உழைப்பு அந்த ஒரு திரியில் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகையே வரும்போலிருந்தது. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த மேசையில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"செடியில வேற பூ நிக்குதுதானே?" என்று என்னிடம் கேட்டாள். பிறகு நண்பனிடம், "விடியப்புறம் நான் நூர்க்கிறன். பொழுதுபட்டா நீங்கள் ஏத்துங்கோ" என்றாள்.

"ஆ, ஓகேலா அக்கா" என்றான், தன் நெருப்பை ஒரு புள்ளி குறைத்ததற்கே முகம் தூக்கியவன்.

அவள் விலகவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் போனபோது டைஸைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தாள். அந்த அரக்கனை அவர்கள் கடைசிவரை கொல்லவில்லை. பகலில் படுப்பான், இரவில் எழுவான், அதற்குள் குகையைக் கடக்க வேண்டும் என்று ஆட்டத்தையே மாற்றிவிட்டார்கள். நான் திருத்தித் திருத்திச் சமன் செய்து வைத்திருந்த புயலை ஒருவர்கூடக் கேட்கவில்லை.