சங்கிலிப் பாதை வரை

ரேடியோ சங்கத்தில் அவளை எல்லோரும் லிப்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லிப்ட் பழுதுபார்ப்பது அவள் தொழில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவள் பையும் கையுமாகப் போய் நின்றால், “மெக்கானிக் எப்ப வருவாரு?” என்று அவளிடமே கேட்டவர்கள் உண்டு. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு லிப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்றுவிடுவாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

ரேடியோப் பைத்தியம் அவளுக்குப் பிடித்ததும் ஒரு லிப்டால்தான். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து விசித்திரமான புகார் ஒன்று வந்தபடி இருந்தது. லிப்ட் நகரும்போதெல்லாம் தன் ரேடியோவில் கரகரவென்று சத்தம் வருகிறது என்று ஒருவர் விடாமல் போன் செய்தார். ஆபீசில் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டார்கள். ஆள் விடுகிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும் அவளை அனுப்பினார்கள். அவள் மொட்டைமாடி மோட்டார் அறையில் தேய்ந்து தீப்பொறி பறந்துகொண்டிருந்த சுவிட்சுகளை மாற்றிவிட்டு, இப்போது சரியா என்று கேட்கப் புகார் செய்தவர் வீட்டுக்கு இறங்கி வந்தாள்.

கதவைத் திறந்தவர் பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவர். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பதில் சொல்வதற்குப் பதிலாக ஹெட்போனைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். எங்கோ கடல் தாண்டிய ஊரில் ஒருவர், தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி இன்னொருவரிடம் அலுத்துக்கொண்டிருந்தார்.

“இவங்க பேசறதுக்கு டவர் எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

“டவரெல்லாம் இல்லம்மா. ஒரு கம்பி, ஒரு பேட்டரி, மேல வானம். அவ்வளவுதான்.”

அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான். அவரிடமே புள்ளியும் கோடுமாகத் தட்டிப் பேசும் மோர்ஸ் கற்று, பரீட்சை எழுதி, சொந்தமாக ரேடியோவில் பேச லைசென்ஸ் வாங்கி, தன் வீட்டு மொட்டைமாடியில் கம்பியும் கட்டிவிட்டாள். ஸ்கூல் பஸ் ஓட்டும் அவள் கணவனுக்கு அதில் ஒரு குறைதான். துணி காயப்போட இடமில்லாமல் போனது. “உன் ஆன்டெனாவுல என் சட்டை தொங்கினா உலகமே கேக்காம போயிடுமா?” என்பான். ஒருநாள் கேட்காமல் தொங்கவிட்டும் பார்த்தான். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

சங்கம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. பேக்கரிக்காரரின் கடைக்குப் பின்னால் மாவு மூட்டைகள் அடுக்கிய அறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுவார்கள். பேக்கரிக்காரர், ஒரு பல் டாக்டர், அவளுக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்த எக்ஸ்சேஞ்ச் சார், அவள், இன்னும் ஓரிருவர். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருமாக மலையேறி, உச்சியில் ஆன்டெனா நட்டு, பகல் முழுக்க ஊர் உலகத்தோடு பேசிவிட்டு இறங்குவது வழக்கம். உயரத்தில் நின்றால் அலையை மறிக்க எதுவும் இருக்காது. கைப்பிடிக்குள் அடங்கும் ரேடியோகூடக் கண்காணாத தூரத்துக்குப் போய்ச் சேரும். யார் எதைத் தூக்குவது, வன இலாகாவில் யாரிடம் அனுமதி கேட்பது, மேகம் கவிந்தால் எந்த வழியாக இறங்குவது என்று திட்டம் போடுவதெல்லாம் அவள் தலையில்தான் விழும். அவளுக்கும் அதில் ரகசியமாக ஒரு பெருமை.

அந்த வருஷம் பெரிய மலைக்குப் போகலாம் என்று பேக்கரிக்காரர் ஆரம்பித்தார். பல் டாக்டர் இழுத்தார். வழக்கம்போல மொட்டை மலைக்கே போகலாமே, அங்கே காரிலேயே பாதி தூரம் போய்விடலாம் என்றார். மொட்டை மலையில் மேற்குப் பக்கம் இன்னொரு மலைத்தொடர் சுவர் மாதிரி மறிக்கிறதே என்று அவள் சொன்னதற்கு, “அது சரி, ஆனா எல்லாரும் ஏறணுமில்ல? பெரிய மலையில பாதிக்கு மேல சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கணும்” என்றார். யாரை நினைத்துச் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

“டாக்டர், நீங்க என் பக்கம் திரும்பிப் பேசறது எனக்குக் கேக்குது” என்றார் எக்ஸ்சேஞ்ச் சார். “எனக்காக மலையைக் குட்டையாக்காதீங்க. முடியலன்னா நானே சொல்லிட்டு இறங்கிடறேன்.”

எல்லோரும் கிளம்புவதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவானது. அவள், அவள் கணவன், எக்ஸ்சேஞ்ச் சார் மூவரும் போனார்கள். அவளுடைய முதுகுப் பையின் வாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் கோலோடு அவர் பின்னால் வந்தார். கல் வந்தால் கல் என்பாள், படி உயர்ந்தால் உயரம் என்பாள். கொஞ்ச தூரத்தில் அதுவும் தேவைப்படவில்லை. அவள் தோள் ஏறி இறங்குவதை வைத்தே அவர் காலை வைத்தார். கடைசியில் வந்த கணவன்தான் மூச்சு வாங்க, “இந்த மலையில ஸ்டாப்பிங்கே கிடையாதா?” என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

பாதி மலையில் வனக் காவலர்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டிய கல் கொட்டகை ஒன்று இருந்தது. அதைத் தாண்டினால் பாறையின் இடுப்பில் வெட்டிய ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, அதில் அடித்த இரும்புச் சங்கிலி. மறுபக்கம் ஒன்றும் இல்லை.

அவள் சங்கிலியைப் பிடித்து நடந்தாள். சில அடிகள் சாதாரணமாகத்தான் போயின. பிறகு தெரியாத்தனமாக ஒருதடவை இடதுபக்கம் பார்த்தாள். கீழே மரங்களின் உச்சி பாசி மாதிரி தெரிந்தது. அவ்வளவுதான். குரங்குப்பிடியாகச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டாள். போ என்று தன் காலுக்குச் சொன்னாள். கால் கேட்கவில்லை.

“ஏன் நின்னுட்டே?” என்று பின்னாலிருந்து கணவன் குரல் கொடுத்தான்.

எக்ஸ்சேஞ்ச் சார் அவனைச் சற்றுச் சும்மா இருக்கச் சொன்னார். அவள் மூச்சை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். அவனை முதலில் திரும்பி நடக்கச் சொல்லிவிட்டு, தானும் மெதுவாகத் திரும்பினார்.

“அம்மா, ஒரு கை சங்கிலியில இருக்கட்டும். இன்னொரு கையால என் பை வாரைப் பிடிச்சுக்கங்க. பாறையை மட்டும் பாருங்க. அவசரமே இல்ல.”

அப்படித்தான் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள். பிளாஸ்க்கிலிருந்த தேநீரைக் கணவன் ஊற்றிக் கொடுத்தான். நாள் முழுக்கக் கிணறு போன்ற பள்ளத்துக்கு மேல், கூண்டின் தலையில் நின்று வேலை பார்ப்பவளுக்கு இது என்ன வெட்கக்கேடு என்று அழுகையாக வந்தது. சங்கத்தில் போய் என்ன சொல்வது? திட்டம் போட்டவளே பாதியில் நின்றுவிட்டாள் என்றா?

அவள் கேட்காமலே எக்ஸ்சேஞ்ச் சார் சொன்னார்: “சாரால முடியலன்னு சொல்லிடுங்க. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.”

எதற்கெடுத்தாலும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் கணவன், அப்போது ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுவதிலேயே குறியாக இருந்தான். வேண்டாம் என்று தானும் சொல்லவில்லை என்பதுதான் வாரம் முழுக்க அவளை உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போன காரியம் என்ன ஆயிற்று என்று பேக்கரிக்காரர் ஆவலாகக் கேட்டார். அவள் மென்று விழுங்கி, “பாதை கொஞ்சம் கஷ்டம்தான்” என்றாள். அதற்குள் பல் டாக்டர், “நான் அப்பவே சொன்னேன்” என்று எழுந்து வந்து எக்ஸ்சேஞ்ச் சாரின் தோளில் ஆறுதலாகக் கை வைத்தார். சார் முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் இப்படி எத்தனை கைகள் அந்தத் தோளில் விழுந்திருக்கும் என்று தோன்றியதும் அவளால் பொறுக்க முடியவில்லை.

“அவருக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். அவர் நல்லாதான் நடந்தாரு. எனக்குத்தான் கால் நகரல. அவர்தான் என்னைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தாரு.”

பேக்கரிக்காரர் நம்பவே இல்லை. லிப்ட் மேல் நிற்கிற ஆளுக்கா என்று சிரித்துவிட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பொறுமையாக விளக்கினாள். லிப்டுக்கு நாலு பக்கமும் சுவர் உண்டு, எவ்வளவு உயரம் என்றாலும் அது ஓர் அறைதான். அங்கே சுவரே இல்லை. அதனால் தான் பாதி வழியிலுள்ள கொட்டகையோடு நின்றுகொள்வதாகச் சொன்னாள்.

தோளிலிருந்த கையை டாக்டர் எப்போது எடுத்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்ப நானும் அந்தக் கொட்டகையிலயே இருந்துக்கறேன்” என்றார்.

“ஏன், உங்களுக்கு என்ன?” என்றார் பேக்கரிக்காரர்.

“எனக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்தும்.”

முதலில் சிரித்தவர் எக்ஸ்சேஞ்ச் சார்தான். மொட்டை மலை, மொட்டை மலை என்று டாக்டர் வருஷா வருஷம் ஏன் அடித்துக்கொண்டார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. டாக்டர் காது சிவக்க மன்னிப்புக் கேட்டார். சார் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தண்டனையாக ஆன்டெனாக் கழியைக் கொட்டகை வரை டாக்டரே சுமக்கட்டும் என்றார்.

அவள் திட்டத்தை முதலிலிருந்து மாற்றிப் போட்டாள். உச்சிக்குப் பேக்கரிக்காரரும் எக்ஸ்சேஞ்ச் சாரும் மற்றவர்களும். கொட்டகையில் இரண்டாவது நிலையம், அதற்கு அவளும் டாக்டரும்.

மலைக்குப் போன அன்று காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. உச்சியிலிருந்து சார் தட்டிய மோர்ஸ் கொட்டகையில் கணீரென்று கேட்டது. அவரை யார் கூப்பிட்டார்கள் என்பது மட்டும் அவர்களுக்குக் கேட்கவில்லை, நடுவில் மலையே நின்றது. அவர் அனுப்பும் பதிலைக் கேட்டு, அந்தப்பக்கம் எந்த ஊர் என்று இவர்கள் ஊகித்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்கு மேல் கிழக்கே மேகம் திரள்வதை முதலில் பார்த்தது அவள்தான். பாறை நனைந்தால் வழுக்கும், உடனே இறங்குங்கள் என்று ரேடியோவில் சொன்னாள். இன்னும் ஒரே ஒரு ஊர் என்று பேக்கரிக்காரர் கெஞ்சினார். அவள் கண்டிப்பாக முடியாது என்றுவிட்டாள். சங்கிலியைத் தாண்டி அவர்கள் கொட்டகைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

எக்ஸ்சேஞ்ச் சார் நல்ல பசியில் இருந்தார். பன்னைப் பிட்டு வாயில் போட்டபடியே, மேற்கே ஒரு கப்பலில் இருந்த ரேடியோக்காரர் தன்னைக் கூப்பிட்ட கதையை ஆரம்பித்தார். டாக்டர் நடுநடுவே கேள்வி கேட்டுக் கதையைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவள் கணவனோடு இரண்டு தடவை அந்தப் பாதைக்குப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கிறாள். இன்னும் கடக்கவில்லை. கடந்தே தீர வேண்டும் என்ற வீம்பும் அவளுக்கு இல்லை. சங்கத்தில் அடுத்த வருஷத்துக்கு அவளையே வேறு மலை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.