கீர்த்திகனின் முறைப்பெட்டி

ஏழாலை அருளம்பலத்தின் இளைய மகன் கீர்த்திகன் கொரோனாவால் வேலை போய்த்தான் சிங்கப்பூரிலிருந்து திரும்பினான் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அவன் வந்தது 2019 தை மாதம். கொரோனா வந்தது அதற்கு அடுத்த வருடம். அங்கே ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதும் குழுவை நடத்திக்கொண்டிருந்தவன், தானாகவே வேலையை விட்டுவிட்டு வந்தான். ஊரில் இருந்துகொண்டே ஒரு கொம்பனி நடத்தலாம், அதுவும் ஊருக்குப் பயன்படும் ஒன்றைச் செய்து நடத்தலாம் என்று நம்பினான். அந்த நம்பிக்கை ஐந்து வருடம் தாக்குப்பிடித்தது. எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பில் செயலாளராக அப்போது நான் இருந்ததால், அது முடிந்த விதம் எனக்கு நேரே தெரியும்.

கொம்பனி திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட, ஒரு புத்தகக்கடையின் மேல்மாடியில் இருந்தது. ஜெயனி என்ற பிள்ளைதான் முதலில் வேலைக்குச் சேர்ந்தவள். பிறகு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். கல்யாண மண்டபங்களுக்கும் கடைகளுக்கும் இணையத்தளம் செய்துகொடுத்துக் காலம் தள்ளினார்கள். ஊரடங்கு வந்தது, அது முடிய மின்வெட்டு வந்தது. ஒருவரையும் அவன் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

2021இல் அவன் சுபாஜினியை மணந்தான். அவள் தாதியாக வேலை செய்தாள். கல்யாணத்துக்கு முன்பே அவள் அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்திருந்தாள். 2023 கடைசியில் இருவருக்கும் விசா வந்தது. அடுத்த ஆனி மாதம் முடிவதற்குள் அங்கே போய் இறங்கவேண்டும், இல்லாவிட்டால் அது காலாவதியாகிவிடும். இருவரும் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். கீர்த்திகன் செய்திருந்த கிணற்றுப் பெட்டியைச் சித்திரை மாதக் கூட்டத்தில் கமக்கார அமைப்பு ஏற்றுக்கொண்டால் நிற்பது, ஏற்காவிட்டால் போவது.

எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் பெரும்பாலானவை பங்குக் கிணறுகள். காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பங்காளிக்கும் இறைக்கும் நாள் உண்டு; அதை முறை என்போம். முறை தவறி இறைத்தார், கூட இறைத்தார் என்று ஆண்டாண்டாய்க் கதைபேச்சு இல்லாமல் இருக்கும் பங்காளிகள் உண்டு. கோடையில் மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும் என்ற பயமும் எல்லோருக்கும் இருக்கிறது. இதற்காகத்தான் கீர்த்திகன் பெட்டியைச் செய்தான். மோட்டருக்குப் பக்கத்தில் ஒரு பூட்டிய இரும்புப் பெட்டி. பங்காளி தன் கைபேசியில் தொட்டால், அன்று அவருடைய முறையாக இருந்தால் மட்டுமே மோட்டர் ஓடும். அவருக்குரிய அளவு தண்ணீர் இறைத்ததும் தானே நின்றுவிடும்.

முதல் பெட்டியைத் தகப்பனின் கிணற்றிலேயே பூட்டினான். அந்தக் கிணற்றுக்கு அருளம்பலத்தோடு கதிரவேலு, சீவரத்தினம் என்று இன்னும் இரண்டு பங்காளிகள். ஆரம்பத்தில், கைபேசி இல்லாமலே மோட்டரை ஓடவைக்க, கையால் போடும் ஆளியும் பெட்டியில் இருந்தது. கதிரவேலு இரண்டு தடவை அதைப் போட்டுக் களவாக இறைத்துவிட்டார். கீர்த்திகன் ஆளியைக் கழற்றி எடுத்துவிட்டான். கதிரவேலு அதற்குக் கோபப்படவில்லை.

“அருளம்பலத்தாற்றை பொடியன் கிணத்துக்கு ஒரு பொலிஸ்காரனை வைச்சிட்டான். உவருக்கு லஞ்சமும் குடுக்கேலாது” என்று சந்தையில் சொல்லிச் சிரித்தார்.

ஒரு போகம் முழுவதும் அந்தக் கிணற்றடியில் சண்டைச் சத்தமில்லை. மற்றக் கிணற்றுக்காரர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அறுபது கிணறுகளுக்கு ஒன்றாகப் பூட்டலாமா என்பதைச் சித்திரைக் கூட்டத்தில் எடுப்பது என்று தீர்மானமாயிற்று.

2024 பங்குனியில் சீவரத்தினத்தின் மனைவி மகாதேவி ஒரு காலைநேரம் குசினியில் விழுந்தவர் எழும்பவில்லை. மகன் பிரான்சிலிருந்து வரும்வரை பிரேதத்தை வைத்திருந்தார்கள். எரித்த பிறகு, எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடியும்வரை சீவரத்தினம் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. அது எங்கள் வழக்கம். செத்தவீட்டுக்காரன் தோட்டத்துக்குப் போகமாட்டான். அவனுடைய முறையில் மற்றப் பங்காளி போய் இறைத்து, அவனுடைய பயிருக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிடுவான். இதை ஒருவரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. எவ்வளவு பகை இருந்தாலும் நடக்கும்.

அப்படித்தான் கதிரவேலு போனார். பெட்டி திறக்கவில்லை. ‘இன்று உங்கள் முறை அல்ல’ என்று அவருடைய கைபேசியில் எழுத்து வந்தது. அவர் செத்தவீட்டுப் படலையடியில் அருளம்பலத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“பெட்டி சீவரத்தினத்தின்ரை போனைக் கேக்குது.”

“அந்தாளிட்டைப் போய் இப்ப போனைத் தா எண்டு கேக்கிறதே?”

“அப்ப பொடியனிட்டைச் சொல்லும்.”

அருளம்பலம் பந்தலைப் பார்த்தார். கீர்த்திகன் சீவரத்தினத்துக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

“செத்தவீட்டுக்கை நிண்டு தோட்டக் கதை கதைக்கிறதே, அண்ணை? எட்டு முடியட்டும்.”

அவ்வளவு நாளும் கீர்த்திகன் அந்த வீட்டிலேதான் நின்றான். பந்தல், கதிரை, தேத்தண்ணி எல்லாம் அவன் பொறுப்பு. அவனுடைய சட்டைப்பையில் இருந்த கைபேசியால் எந்தப் பெட்டியையும் திறக்கலாம். ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. கோடரியால் ஒரு அடி அடித்திருந்தாலும் பூட்டு விட்டிருக்கும். கூட்டம் கிட்டிவிட்டது, உடைந்த பெட்டியை ஊர் கண்டால் பொடியனின் காரியம் கெட்டுவிடும் என்று இரண்டு கிழவர்களும் அதையும் செய்யவில்லை. கதிரவேலு தன் முறையில் பாதித் தண்ணீரைச் சீவரத்தினத்தின் வெங்காயத்துக்குத் திருப்பிவிட்டார். அளவு முடிந்ததும் பெட்டி மோட்டரை நிறுத்திவிட்டது. பங்குனி வெயிலில், வெங்காயம் பருக்கும் நேரத்தில், அது போதவில்லை.

எட்டுச் செலவுக்கு மறுநாள் சீவரத்தினம் தோட்டத்துக்குப் போனார். கீர்த்திகனும் கூடப் போனான். தாள்கள் காய்ந்து நிலத்தோடு கிடந்தன. சீவரத்தினம் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். பாக்களவுகூட இல்லை.

“அவள் நட்டது” என்றார். பிறகு, “உனக்கு ஆரும் சொல்லேல்லையோ?” என்று கேட்டார்.

“இல்லை, மாமா.”

“எனக்கும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் கோவிச்சிருப்பன்.”

அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்று கீர்த்திகன் பின்னர் என்னிடம் சொன்னான்.

கூட்டத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. அவனும் ஜெயனியும் மற்ற மூவரும் அந்தப் பிழையைத் திருத்துவதில் இறங்கினார்கள். கைபேசியில் ஒரு புதிய பொத்தான் வந்தது. அதில் ‘செத்தவீடு’ என்று எழுதியிருந்தது. அதை அழுத்தினால் எட்டுச் செலவு வரைக்கும் அந்த வீட்டாரின் முறையை மற்றப் பங்காளிகள் திறக்கலாம். வேலை என்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கூட்டத்தில் அதைத் திரையில் பெரிதாகக் காட்டினான். புகையிலைத் தோட்டக்காரி நல்லம்மா எழும்பினார்.

“தம்பி, உது என்ரை போனிலையும் இருக்குமோ?”

“ஓம் மாமி, எல்லாற்றை போனிலையும் இருக்கும்.”

“எங்கடை வீட்டிலை ஆர் போகப்போகினம் எண்டு இப்பவே பொத்தான் வைக்கிறாய்?”

பின்வரிசையில் சிரித்தார்கள். நல்லம்மா சிரிக்கவில்லை. அவருடைய புருஷன் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். கீர்த்திகன் பெயரை மாற்றிவிடலாம் என்றான். பெயரை மாற்றினாலும் விரல் படுவது அதில்தானே என்று அவர் கேட்டார். தன் கைபேசியில் அது வேண்டாம் என்று இன்னும் பலர் சொன்னார்கள். கதிரவேலு பெட்டிக்காக எழும்பிக் கதைத்தார். பழைய ஆளியைத் திரும்பப் பூட்டினால் எல்லாம் சரிவரும், அந்தரம் ஆபத்துக்குக் கையால் போடலாம் என்றார்.

எல்லோரும் கீர்த்திகனைப் பார்த்தார்கள். ஓம் என்று சொல்லியிருந்தால் அன்று அறுபது பெட்டிக்கும் ஒப்புதல் கிடைத்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

“கையாலை போடலாமெண்டால், ஐயா, பிறகு பெட்டி எதுக்கு? பழையபடி அடிபடுவியள். அப்பிடி ஒண்டை நான் உங்களுக்குத் தர ஏலாது” என்றான்.

அடுத்த போகம் பார்ப்போம் என்று தலைவர் முடித்தார். எங்கள் அமைப்பில் அதற்கு வேண்டாம் என்று பொருள். அவனுக்கும் அது தெரியும்.

வீட்டில் சுபாஜினி வேலை முடிந்து வந்து, உடைகூட மாற்றாமல் காத்திருந்தாள். அவன் நடந்ததைச் சொல்லி, “போவம்” என்றான். போவதில்தான் அவளுக்கு விருப்பம், தனக்காகத்தான் ஐந்து மாதமும் வாய் மூடியிருந்தாள் என்று அவன் நினைத்திருந்தான்.

“வெங்காயம் பட்டுப்போன அண்டைக்கே தெரியும், கூட்டம் ஒத்துக்கொள்ளாதெண்டு” என்றாள் சுபாஜினி. “எண்டாலும் நிக்கலாமெண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

ஆனி மாதம் எட்டாந் திகதி புறப்பட்டார்கள். அதற்கு முந்தின கிழமை கீர்த்திகன் தகப்பனின் கிணற்றடிக்குப் போய்ப் பெட்டியைத் தானே கழற்றினான். அன்று சீவரத்தினத்தின் முறை. மோட்டரை நேரே மின்கம்பியில் தொடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் வெங்காயம் பட்டுப்போன பாத்திகளில் புதிதாக வைத்த மிளகாய்க்குத் தண்ணீர் மாறி முடிக்கும்வரை வரம்பில் நின்றான். முடிந்ததும் சீவரத்தினம் கால் கழுவிவிட்டு, போய் வா என்று தலையை மட்டும் ஆட்டினார்.