துக்சேவுக்கு நாள் குறித்தது

பொக்நம் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. தென்கொரியாவில், எல்லையை ஒட்டி, இம்ஜின் ஆற்றுக்குத் தெற்கே எங்கள் ஊர். அவள் வாய்க்கு ஊரே பயப்படும், ஊரே சிரிக்கவும் செய்யும்.

1950 ஜூனில் அவள் புருஷன் துக்சே பட்டாளத்திலிருந்து நடவு லீவில் வந்திருந்தான். வடக்கே வடகொரியப் படை பீரங்கியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது, இங்கே ஏகப்பட்ட சிப்பாய்களை நாற்று நட அனுப்பியாயிற்று. மேலே இருந்தவர்களின் புத்தியை என்னவென்று சொல்ல!

ஞாயிற்றுக்கிழமை விடியலில் மழையோடு வெடிச்சத்தமும் கேட்டது. எல்லையில் அடிக்கடி சுட்டுக்கொள்வார்கள். எங்களுக்கு அது பழகிப்போன இரைச்சல். துக்சே கயிறு பிடிக்க, நாங்கள் வரிசை பார்த்து நட்டுக்கொண்டே இருந்தோம். ஜீப்பில் ஒருத்தன் வந்து, லீவில் இருப்பவர்கள் உடனே திரும்ப வேண்டும் என்று கத்திவிட்டுப் போனான்.

துக்சே வரப்பேறிக் கால் கழுவினான்.

"இடுப்பு வலிக்குதுன்னா சொல்லிட்டுப் படுத்துக்கங்க. அதுக்குப் போயி சண்டையைக் கூப்பிடுவாங்களா?" என்றாள் பொக்நம்.

"வாயாடி! சாயங்காலம் வந்து மிச்சத்தை முடிக்கிறேன். நீ கயிறு பிடிச்சா கோணலாத்தான் போகும்."

வயலே சிரித்தது.

எதிரி கடக்காதபடி ஆற்றுப் பாலத்தைத் தகர்க்க நம்மவர்கள் வைத்த வெடி வெடிக்கவில்லையாம். வடகொரிய டாங்கிகளை நிறுத்த ஆயுதமில்லாமல், வெடியைக் கட்டிக்கொண்டு நம் பையன்கள் அவற்றின் அடியில் பாய்ந்தார்களாம். ஊரே தெற்கே ஓடியது. பொக்நம் மட்டும் அசையவில்லை.

"வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு. வீடு பூட்டிக் கிடந்தா எங்க போவாரு?"

சண்டை ஓய்ந்து நாங்கள் ஊர் திரும்பினோம். துக்சே செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. செத்த நாள் தெரியாதவர்களுக்குப் பழைய பஞ்சாங்கப்படி ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் படையல் போடுவோம். அந்த நாளையே குறித்துவிடலாமா என்று துக்சேவின் அண்ணன் வருஷா வருஷம் வந்து கேட்பார்.

"அது அறுப்பு நேரம், மாமா. அவருக்கு ஒழியாது" என்பாள். அவர் கிளம்பிவிடுவார்.

தலை நரைத்த பிறகு ஒரு வருஷம் அவளே சரி என்றாள். சோறு, சூப், மீன், பேரிக்காய் எல்லாம் வைத்தோம். படையல் சோற்றில் கரண்டியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது வழக்கம். உயிரோடிருப்பவர்களுக்கு அப்படி ஒருநாளும் செய்ய மாட்டோம். அண்ணன் கரண்டியை எடுத்தார். புருஷனின் அண்ணனைத் தொடக் கூடாது என்பதையும் மறந்து பொக்நம் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"இருங்க மாமா. அவருக்குக் கை இருக்கு. அவரே எடுத்துச் சாப்பிடட்டும்."

கரண்டியை வாங்கிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நாங்களும் காத்திருந்தோம். சோற்றில் ஆவி அடங்கியது. வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளே கரண்டியை எடுத்துச் சோற்றில் குத்தினாள்.

"இப்பத்தான் என் புருஷன் செத்தாரு" என்றாள்.